விசா மறுக்கப்பட்ட பிறகு: மேன்முறையீடா, புதிய விண்ணப்பமா, ஊர் திரும்பி மனுவா?

பிரித்தானிய உள்துறை அமைச்சிடமிருந்து மறுப்புக் கடிதம் வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும். ஏன் மறுத்தார்கள், பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடும். அந்த வாசிப்பு அடுத்த நாள் வரை காத்திருக்கலாம். முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே மூன்று விடயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: மேன்முறையீட்டு உரிமை தந்திருக்கிறார்களா; கடிதம் அனுப்பப்பட்ட திகதி என்ன; "தெளிவாக ஆதாரமற்றது" என்று சான்றிட்டு அந்த உரிமையை அடைத்திருக்கிறார்களா. இனி எந்த வழியில் போவது என்ற முடிவில் பாதி இந்த மூன்று விடைகளுக்குள் இருக்கிறது.

மேன்முறையீட்டு உரிமை இருந்தால், பிரித்தானியாவுக்குள் இருப்பவருக்கு 14 நாட்கள் உண்டு. அந்த நாட்கள் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும். நீங்கள் பிரித்து வாசித்த நாள் கணக்கில் வராது. சொலிசிட்டருக்கு மின்னஞ்சலில் போயிருந்தால் அங்கே போன நாள்தான் கணக்கு. சொலிசிட்டர் நான்கு நாள் கழித்துச் சொன்னால் உங்களுக்கு மிஞ்சுவது பத்து நாள்.

இந்தக் கட்டுரை, குடும்ப வாழ்வை அடிப்படையாக வைத்து, அதாவது ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் உறுப்புரையின் கீழ், பிரித்தானியாவில் தங்கக் கேட்டு மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கானது. அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு, உள்துறை அமைச்சுக்கே புதிய விண்ணப்பம், நாட்டை விட்டுப் போய் அங்கிருந்து துணைவர் விசாவுக்கு மனு, நீதித்துறை மீளாய்வு. நான்கும் சம எடை கொண்டவை அல்ல. மேன்முறையீட்டு உரிமை கையில் இருக்கும் குடும்பம் அதை விட்டுவிட்டு வேறு வழிக்குப் போக மிக வலுவான காரணம் வேண்டும். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

வேலை செய்யும் உரிமையில் தொடங்குவோம்

1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 3சி என்றொரு பிரிவு உண்டு. விசா முடிவதற்கு முன்பே நீங்கள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை பழைய விசாவும் அதன் நிபந்தனைகளும் தொடரும் என்கிறது அது. மறுத்த பிறகும் அது உடனே அறுந்துவிடாது. மேன்முறையீடு செய்யக்கூடிய 14 நாட்களுக்கும், செய்துவிட்டால் அந்த மேன்முறையீடு முடியும் வரைக்கும் நீளும். அதாவது முன்பு வேலை செய்ய உரிமை இருந்திருந்தால், வழக்கு நடக்கும் மாதங்கள் முழுவதும் அந்த உரிமை நிற்கும்.

மேன்முறையீட்டைக் கைவிட்டு, "எல்லாவற்றையும் சரியாகத் திரட்டிப் புதிதாகப் போடுவோம்" என்று முடிவெடுக்கும் குடும்பம் இந்த உரிமையை இழக்கிறது. 3சி அனுமதி ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய விண்ணப்பம் போடச் சட்டம் விடாது. 14 நாள் கடந்து 3சி முடிந்த பிறகுதான் போடலாம். அதன் பின் 14 நாட்களுக்குள் போட்டால், கடந்த சில நாட்கள் விசா இல்லாமல் இருந்ததை விதிகள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, அனுமதி தருவது வேறு. அந்தப் புதிய விண்ணப்பத்துக்கு முடிவு வரும் வரை நீங்கள் விசா இல்லாதவர். சட்டப்படி வேலை செய்ய முடியாது. இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் முன் வீட்டு உரிமையாளர் செய்யும் விசாச் சோதனையிலும் நிற்க முடியாது. 2024 பெப்ரவரி 13 முதல், உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு முதல் தடவையே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை தண்டம் விழலாம் என்பதால், தெரிந்தவர் என்று எந்த முதலாளியும் கண்டும் காணாமல் விடப்போவதில்லை.

மேன்முறையீடு செய்த பிறகும் வேலையிடத்தில் சிக்கல் வரும். பழைய திகதி முடிந்துவிட்டதாக ஈ-விசா, அதாவது இணையத்தில் உள்ள உங்கள் விசாப் பதிவு, காட்டும்; மனிதவளப் பிரிவு பயந்து வேலையை நிறுத்தும். அப்போது முதலாளி உள்துறை அமைச்சின் முதலாளிகளுக்கான சரிபார்ப்புச் சேவையிடம் கேட்க வேண்டும். சாதகமான பதில் வந்தால் அது முதலாளிக்கு ஆறு மாதப் பாதுகாப்பு. ஆறு மாதம் முடியும் முன் திரும்பக் கேட்க வேண்டும். மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டதாகத் தீர்ப்பாயம் அனுப்பும் கடிதத்தை வேலையிடத்துக்குக் கொடுத்து, இந்தச் சேவையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். சிறிய கடைகள், பராமரிப்பு இல்லங்கள் பலவற்றுக்கு அது தெரிந்திருக்காது.

விசா முடிந்து நெடுநாள் ஆன பிறகு விண்ணப்பித்த குடும்பத்துக்கு இந்த 3சி வாதம் பொருந்தாது. அவர்களுக்கு மேன்முறையீடு வேலை உரிமையைத் தராது. ஆனால் மேன்முறையீடு நிலுவையில் இருக்கும் வரை நாட்டை விட்டு அகற்ற முடியாது என்ற பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு.

செலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீர்ப்பாயக் கட்டணம் நேரடி விசாரணைக்கு ஒருவருக்கு 140 பவுண்ட். ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க 80. நால்வருக்கும் நேரடி விசாரணை என்றால் 560. வென்றால் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நீதிபதி உத்தரவிடலாம். தோற்றாலும், நியாயமற்ற முறையில் வழக்கை நடத்தினால் தவிர, அரசின் வழக்குச் செலவு உங்கள் தலையில் விழாது.

புதிய விண்ணப்பத்துக்கு, 2025 ஏப்ரல் கட்டணப்படி, ஒருவருக்கு 1,321 பவுண்ட். அதன் மேல் சுகாதாரக் கட்டணம்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035, பிள்ளைக்கு 776. இரண்டரை ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் பெரியவருக்கு மொத்தம் 3,908.50, பிள்ளைக்கு 3,261. நால்வருக்கும் 14,339 பவுண்ட். மறுத்தால் சுகாதாரக் கட்டணம் திரும்பும். விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. கட்டணங்கள் ஏறிக்கொண்டே போவதால் போடும் நாளில் அரசின் இணையப் பக்கத்தில் பாருங்கள்.

பணம் இல்லாதவர்களுக்குக் கட்டண விலக்கு இருக்கிறது. வாடகை, சாப்பாடு, பிள்ளையின் தேவைகள் போக இந்தக் கட்டணத்தைக் கட்ட வழியில்லை என்று காட்ட வேண்டும். ஆறு மாத வங்கிக் கணக்குகள், வாடகை ஒப்பந்தம், உதவி செய்பவரின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். இங்கே அடிக்கடி வழுக்குவது, கணக்கில் விளக்கமில்லாமல் வந்துபோன தொகைகள். சீட்டுக் காசு, உறவினருக்காக வாங்கி அனுப்பிய காசு, நகை அடகு வைத்த காசு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதிச் சேருங்கள். விளக்கம் இல்லாத 2,000 பவுண்ட் ஒன்று முழு விலக்கையும் கவிழ்க்கும். விலக்குக் கிடைத்தால் பத்து வேலை நாட்களுக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும்.

மேன்முறையீடு ஏன் பெரும்பாலும் வலுவான வழி

முதற் காரணம், முடிவெடுப்பவர் மாறுகிறார். மறுத்த அமைச்சிடமே மீண்டும் போவதற்குப் பதிலாக ஒரு சுயாதீன நீதிபதி முன் போகிறீர்கள். இரண்டாவது, நீதிபதி பார்ப்பது விசாரணை நாளில் உள்ள நிலைமையை. விண்ணப்பித்தபோது பிள்ளை ஆறரை ஆண்டு இங்கே இருந்திருக்கலாம். விசாரணைக்கு வரும்போது ஏழரை ஆண்டு ஆகியிருக்கும். தீர்ப்பாயத்தில் வரிசை நீளம். பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் வேதனைதான், ஆனால் பிள்ளையின் ஆண்டுக் கணக்குக்கு அது பாதகமாகாது.

மூன்றாவது காரணம்தான் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. மேன்முறையீட்டைத் தவறவிட்டு அதே விடயங்களுடன் புதிதாக விண்ணப்பித்தால், அது முன்னையதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை என்று சொல்லி, மேன்முறையீட்டு உரிமையே இல்லாமல் மறுக்க முடியும். அப்படி மறுக்கலாம் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019இல் ராபின்சன் வழக்கில் உறுதி செய்தது. முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறீர்கள் என்று சான்றிட்டு உரிமையை அடைக்கவும் 2002ஆம் ஆண்டுக் குடியுரிமை, குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 96ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆக 14 நாளில் விட்ட உரிமை பிறகு வராமலே போகலாம்.

கெடு தவறிவிட்டால் காரணம் காட்டி நேர நீட்டிப்புக் கேட்கலாம். மருத்துவமனை அனுமதி, கடிதம் பழைய முகவரிக்குப் போனது போன்றவற்றை ஆதாரத்துடன் சொன்னால் தீர்ப்பாயம் ஏற்கக்கூடும். ஆனால் இடையில் விழுந்த நாட்கள் விசா இல்லாத நாட்களாகவே நிற்கும்.

நேரடி விசாரணையா, ஆவண விசாரணையா என்பதில் ஒருவருக்கு 60 பவுண்ட் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். குடும்ப வாழ்வு வழக்கில் நீதிபதி உங்களைப் பார்க்க வேண்டும், துணைவரையும் கேட்க வேண்டும். புகலிடம் கோருவோருக்கான அரச ஆதரவு பெறும் குடும்பங்கள், சட்ட உதவி பெறுபவர்கள், பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் உள்ளூராட்சி உதவி பெறுபவர்கள் ஆகியோருக்குத் தீர்ப்பாயக் கட்டணமே இல்லை.

நீதிபதி எதை எடை போடுகிறார்

2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் 117பி என்ற பிரிவு 2014 ஜூலை 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறீர்களா, சொந்தக் காலில் நிற்கிறீர்களா என்று அது கேட்கும். இரண்டும் இருந்தால் உங்களுக்கு எதிராக ஒன்றும் இல்லை என்பது மட்டுமே. அதற்காகத் தனியே புள்ளி கிடைக்காது. "நாங்கள் ஒரு நாளும் அரச காசு எடுக்கவில்லை" என்பதையே முழு வாதமாக வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விசா இல்லாத காலத்தில் தொடங்கிய துணைவர் உறவுக்குச் சிறிய எடைதான். தற்காலிக விசாவில் இருந்தபோது கட்டிய தனிவாழ்வுக்கும், அதாவது நண்பர்கள், வேலை, கோயில், சங்கம் ஆகியவற்றுக்கும் சிறிய எடைதான். நிரந்தர வதிவிட உரிமைக்குக் குறைந்த எந்த விசாவும் இங்கே தற்காலிகம் என்றே கொள்ளப்படும்.

அதே பிரிவின் ஆறாம் உட்பிரிவு வேறு மாதிரி. குற்றத்துக்காக நாடுகடத்தப்படும் நிலையில் இல்லாத ஒரு பெற்றோருக்கு, பிரித்தானியப் பிரஜையான அல்லது ஏழு ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் உண்மையான பெற்றோர் உறவு இருந்து, அந்தப் பிள்ளையை நாட்டை விட்டுப் போகச் சொல்வது நியாயமற்றதாகவும் இருந்தால், அந்தப் பெற்றோரை அகற்றப் பொதுநலன் கோராது. இது நிறுவப்பட்டால் பெற்றோர் விசா முடிந்து தங்கியதும் வழக்கைக் கவிழ்க்காது. பல குடும்பங்களின் வழக்கு இந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது.

இரண்டு பெற்றோருக்கும் விசா இல்லை, பிள்ளை இங்கே ஏழு ஆண்டு என்ற நிலையில், பெற்றோர் இருவரும் குடும்ப விசாக்களுக்கான அப்பெண்டிக்ஸ் எஃப்எம் விதிகளின் பெற்றோர் வழிக்குள் எழுத்துப்படி பொருந்த மாட்டார்கள். அந்த வழி பிரிந்து வாழும் பெற்றோரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவர்களுக்கு இந்த உட்பிரிவே தாங்கு தூண்.

ஆனால் ஏழு ஆண்டு முடிந்தால் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பது ஆபத்து. 2018இல் கேஓ (நைஜீரியா) வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விடயம் சொன்னது. பெற்றோரின் தவறைப் பிள்ளையின் நியாயக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது முதலாவது. பெற்றோர் இருவருக்கும் இங்கே இருக்க உரிமை இல்லையென்றால், பிள்ளை அவர்களுடன் போவதே இயல்பு என்ற நிஜத்தைப் பார்க்கலாம் என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது விடயத்தை உள்துறை அமைச்சு ஒவ்வொரு கடிதத்திலும் எழுதும். அதைத் தாண்ட, இந்தப் பிள்ளையின் வேர் இங்கே எவ்வளவு ஆழம் என்று காட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து முதல் ஏழு ஆண்டுகளைவிட, நான்கு வயதுக்குப் பிறகு கழித்த ஏழு ஆண்டுகளுக்கு எடை அதிகம் என்று மேல்நிலைத் தீர்ப்பாயம் 2013இல் அசிமி-மொயெத் வழக்கில் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளையின் உலகம் வீடுதான். பதினான்கு வயதுப் பிள்ளையின் உலகம் பள்ளியும் நண்பர்களும்.

ஆகவே ஆதாரம் பிள்ளையைச் சுற்றி இருக்க வேண்டும். "நல்ல மாணவி, ஒழுங்காக வருவார்" என்ற இரண்டு வரிப் பள்ளிக் கடிதத்தால் பயனில்லை. எந்த வகுப்பில் சேர்ந்தார், எந்தப் பாடத்தில் எந்த நிலை, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சைக்கான பாடங்களைத் தேர்ந்துவிட்டாரா, பேச்சுப் பயிற்சியோ சிறப்புக் கல்வித் திட்டமோ உண்டா, இடையில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று வகுப்பாசிரியர் எழுதினால் அது ஆதாரம். குடும்ப மருத்துவரின் பதிவுகள், நீச்சல் கழகம், கால்பந்து அணி, நெருங்கிய நண்பர்களின் பெற்றோர் எழுதும் கடிதங்கள், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை தானே எழுதும் வாக்குமூலம் ஆகியவை அடுத்த வரிசை. சுயாதீன சமூகப் பணியாளர் அறிக்கைக்குச் செலவு அதிகம். அவர் மறுப்புக் கடிதத்தையும் பள்ளி ஆவணங்களையும் வாசித்து, பிள்ளையைத் தனியே சந்தித்து எழுதினால்தான் அந்தச் செலவு தகும்.

மொழி விடயத்தில் தமிழ்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பிள்ளை வீட்டில் தமிழ் பேசுவதால் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பொருந்திக்கொள்வார் என்று அமைச்சு வாதிடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழைச் சேர்த்தால் அது சமூகப் பிணைப்பைக் காட்டும், கூடவே அந்த வாதத்துக்கும் உதவும். மறைக்க வேண்டாம், குறுக்கு விசாரணையில் பிள்ளையின் தமிழ் வெளியே வந்தே தீரும். மாறாக, பேசுவது எந்த அளவு, வாசிப்பது எந்த அளவு, தமிழ் வழியில் விஞ்ஞானமோ வரலாறோ படித்து இலங்கையின் சாதாரணதரப் பரீட்சை எழுத முடியுமா என்று தமிழ்ப் பள்ளி ஆசிரியரே எழுதித் தரட்டும். "அம்மா, பசிக்குது" என்று சொல்லத் தெரிவதற்கும் பத்தாம் வகுப்புப் பாடநூலை வாசிப்பதற்கும் உள்ள தூரத்தை நீதிபதிக்குக் காட்ட வேண்டும். ஆங்கில வழிச் சர்வதேசப் பள்ளி இருக்கிறதே என்றால் அதன் கட்டணத்தை எழுத்தில் வாங்கி, ஊரில் உங்களால் சம்பாதிக்கக்கூடியதுடன் ஒப்பிட்டு வையுங்கள்.

துணைவர் வழியில் அளவுகோல் கடுமை. குடும்பமாக வேறு நாட்டில் வாழ்வதற்குத் "தாண்ட முடியாத தடைகள்" வேண்டும். தாண்டவே முடியாத, அல்லது தாண்டினால் மிகக் கடுமையான துன்பம் தரும், மிகப் பெரிய இடர்கள் என்று விதி அதை விளக்குகிறது. வருமானம் குறையும், வேலை போகும், வீட்டுக் கடன் இருக்கிறது என்பவை மட்டும் போதாது. துணைவர் இலங்கையிலிருந்து வந்து அகதி நிலை பெற்றுப் பிறகு பிரித்தானியப் பிரஜை ஆனவர் என்றால், அந்த அகதி முடிவின் பிரதியும் அப்போது கொடுத்த வாக்குமூலமும் மிகவும் முக்கியம். அவரை அதே நாட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்து என்று சொல்வது எளிதல்ல. இதைப் பல குடும்பங்கள் பழைய கதை என்று கோப்பிலேயே சேர்ப்பதில்லை. முந்தைய மனைவி அல்லது கணவனின் பிள்ளை இங்கே இருந்து வாரந்தோறும் சந்திப்பது, தொடர் சிகிச்சை, துணைவர் பராமரிக்கும் நோயாளிப் பெற்றோர் ஆகியவையும் எடை உள்ளவை.

வயதான பெற்றோருக்காகவோ வளர்ந்த பிள்ளைகளுக்காகவோ 8ஆம் உறுப்புரையை நம்புபவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். வயது வந்தவர்களுக்கிடையே சாதாரண பாசத்துக்கு மேலான சார்பு இருக்க வேண்டும். உண்மையான, உறுதியான அல்லது பயனுள்ள ஆதரவு என்ற அந்த அளவுகோல், 2003இல் ஓர் இலங்கையரின் குகதாஸ் வழக்கிலிருந்து வருகிறது. பார்வையாளர் விசாவில் வந்த அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ளப் போடும் வழக்குகள் பெரும்பாலும் தோற்கின்றன. சார்ந்து வாழும் முதியவருக்கான விசாவும் வெளிநாட்டிலிருந்தே கேட்க வேண்டியது.

மேன்முறையீட்டில் கால் இடறும் இடங்கள்

முடிவுக்குப் பிறகு குழந்தை பிறந்தாலோ, புதிய உறவு உருவானாலோ, அது "புதிய விடயம்" என்று கொள்ளப்படலாம். அப்படியானால் உள்துறை அமைச்சின் சம்மதம் இல்லாமல் நீதிபதி அதைத் தொடவே முடியாது. பிறந்த உடனேயே பிறப்புச் சான்றிதழுடன் அமைச்சுக்கு எழுதிச் சம்மதம் கேளுங்கள். விசாரணை நாள் காலை வரை வைத்திருந்தால், மறுக்கும் வாய்ப்பை நீங்களே கொடுக்கிறீர்கள். ஏற்கெனவே சொன்ன உறவுக்குக் கூடுதல் ஆதாரம் சேர்ப்பது இந்தத் தடைக்குள் வராது.

மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அது கைவிடப்பட்டதாகச் சட்டம் கொள்ளும். ஊரில் மரணச் செய்தி வரும் இரவில் யாரும் இதை யோசிப்பதில்லை. அதனால் முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஊர் திரும்பினால் உயிராபத்து என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், குடும்ப வழக்கு வென்றால் போதும் என்று அதை மறைத்து வைக்காதீர்கள். தங்குவதற்கு வேறு காரணங்கள் இருந்தால் இப்போதே சொல்லும்படி அமைச்சு கேட்கும் அறிவித்தல் வரும்போது எழுத வேண்டும். பிறகு சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்வி நம்பகத்தன்மையைத் தின்றுவிடும்.

கணவனும் மனைவியும் எழுதும் வாக்குமூலங்களில் திகதிகள் முரண்படுவது அடிக்கடி நடக்கும். எப்போது சேர்ந்து வாழத் தொடங்கினீர்கள், யார் வாடகை கட்டுகிறீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு யார் கூட்டிப்போகிறீர்கள் என்பவற்றை இருவரும் தனித்தனியே எழுதி, ஆவணங்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதற்காக மொழிபெயர்ப்பாளரைத் தவிர்க்க வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்களுக்கு எதிராகப் போவதைவிட, புரியாத கேள்விக்குத் தவறான பதில் சொல்வது பல மடங்கு கேடு. தமிழில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் மொழிபெயர்த்தவரின் பெயர், தொடர்பு விபரம், திகதி, கையொப்பத்துடன் முழு மொழிபெயர்ப்பு வேண்டும்.

புதிய விண்ணப்பம் எப்போது சரி

மேன்முறையீட்டு உரிமை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, அதன் பிறகு நிலைமை உண்மையாகவே மாறிவிட்டது என்றால் புதிய விண்ணப்பமே வழி. பிள்ளை ஏழு ஆண்டைத் தாண்டியது, பிள்ளை அல்லது துணைவர் பிரஜாவுரிமை பெற்றது, புதிய மருத்துவ நிலை ஆகியவை மாற்றங்கள். அதே கடிதங்களைப் புதிய திகதியில் வாங்கிப் போடுவது மாற்றம் அல்ல.

இதற்கிடையில் பிள்ளையின் சொந்த உரிமையைத் தனியாகப் பாருங்கள். பிரித்தானியாவில் பிறந்து முதல் பத்து ஆண்டு இங்கேயே வாழ்ந்த பிள்ளை, அந்தப் பத்தில் எந்த ஆண்டிலும் 90 நாளுக்கு மேல் வெளியே இருக்கவில்லை என்றால், 1981ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 1(4) பிரிவின் கீழ்ப் பிரித்தானியப் பிரஜையாகப் பதிவு செய்யலாம். பெற்றோரின் விசா நிலை இதில் பொருட்டல்ல. கட்ட முடியாதவர்களுக்கு இதற்கும் கட்டண விலக்கு உண்டு. பத்து வயதுக்கு மேல் நன்னடத்தையும் பார்ப்பார்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆதாரம் வேண்டும்: சிவப்புச் சுகாதாரப் புத்தகம், தடுப்பூசிப் பதிவு, நர்சரிக் கடிதம், பள்ளி அறிக்கைகள். பல குடும்பங்கள் பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளின் காகிதங்களைத் தொலைத்துவிட்டுத் தவிக்கின்றன. குடும்ப மருத்துவரிடமிருந்து முழுப் பதிவையும் கேட்டு வாங்கலாம். இங்கே பிறந்து ஏழு ஆண்டு ஆன பிள்ளை, 2022 ஜூனில் வந்த தனிவாழ்வு விதிகளின் கீழ், நேரடியாக நிரந்தர வதிவிடத்துக்கே கேட்க முடியும். இந்த இரண்டும் பெற்றோரின் மேன்முறையீட்டுக்குப் போட்டி அல்ல, அதற்குப் பலம்.

ஊர் போய் மனுப் போடுவது

பிள்ளை இல்லை, துணைவர் ஆண்டுக்கு 29,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கிறார், ஆங்கிலப் பரீட்சை எழுத முடியும், கடந்த காலத்தில் பொய்யோ போலி ஆவணமோ இல்லை என்றால் இந்த வழியை நேர்மையாக யோசிக்கலாம். வென்றால் ஐந்து ஆண்டு வழியில் ஏறுகிறீர்கள். மேன்முறையீட்டில் வென்றால் பெரும்பாலும் பத்து ஆண்டு வழி, இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை கட்டணத்துடன். 2025 ஏப்ரல் கட்டணப்படி வெளியிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்ட், சுகாதாரக் கட்டணம் 3,105, இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து என்றால் காசநோய்ச் சான்றிதழும்.

இது ஒரு சூதாட்டம் ஆவது எப்போது என்றால், மறுப்பு வந்துவிட்டால் நீங்கள் வெளியே, துணைவர் இங்கே. வெளியிலிருந்து மேன்முறையீடு செய்யலாம், கெடு 28 நாள், ஆனால் மாதக்கணக்கில் பிரிவு. விசா இல்லாமல் தங்கியிருந்த வரலாறு உள்ளவர் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் எழுத்தில் சட்ட ஆலோசனை பெற வேண்டும். "போய் வந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும்" என்று வாய்ப்பேச்சில் சொல்பவரை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

2008இல் சிக்வாம்பா வழக்கில், வெறும் நடைமுறைக்காக ஒருவரை ஊர் போய் விண்ணப்பித்து வரச் சொல்வது பல வேளைகளில் நியாயமல்ல என்று, அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. அதை இன்றும் பலர் மந்திரம் போல மேற்கோள் காட்டுகிறார்கள். பின்னர் வந்த தீர்ப்புகள், குறிப்பாக 2023இல் ஆலம் வழக்கு, அதன் எல்லையை வெகுவாகச் சுருக்கிவிட்டன. ஊர் போய் அங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்ற காரணத்துக்காகவே விண்ணப்பத்தை மறுத்திருந்தால்தான் அது உதவும்.

நீதித்துறை மீளாய்வு

மேன்முறையீட்டு உரிமை அடைக்கப்பட்டிருந்தால் மட்டும் இது. நீதிபதி உங்கள் குடும்பத்தை எடை போட மாட்டார். அமைச்சு சட்டப்படி முடிவெடுத்ததா என்று மட்டும் பார்ப்பார். முதலில் அமைச்சுக்கு முன்னறிவிப்புக் கடிதம் எழுதி, பதிலுக்குப் பொதுவாக 14 நாள் கொடுத்து, முடிவு வந்து மூன்று மாதத்துக்குள், அதிலும் தாமதமின்றி, மேல்நிலைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றால் அரசின் செலவையும் நீங்கள் கட்ட நேரும். வென்றாலும் கிடைப்பது விசா அல்ல, மறு முடிவு.

யாரிடம் போவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரலிலிருந்து குடும்ப வாழ்வுக் குடிவரவு வழக்குகளுக்கு வழக்கமான சட்ட உதவி இல்லை. ஆனால் விதிவிலக்காகத் தரப்படும் சட்ட உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் உள்ள, சிக்கலான, தாமாக வாதிட முடியாத குடும்பங்கள் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் சட்ட உதவி இன்னும் உண்டு.

பணம் கொடுக்கும் முன், அவர் சொலிசிட்டரா, அல்லது குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிந்த ஆலோசகரா என்று இணையத்தில் பாருங்கள். தீர்ப்பாயத்தில் வாதிட மூன்றாம் நிலை ஆலோசகர் வேண்டும். கடையின் பின் அறையில் படிவம் நிரப்பித் தருபவர் பதிவு இல்லாமல் ஆலோசனை சொல்வது குற்றம். அவர் போட்ட விண்ணப்பத்தில் பொய் இருந்தால் அதற்கு நீங்களே பொறுப்பு. விசாரணை நாள் வரையான மொத்தக் கட்டணம், யார் வாதிடுவார், பாரிஸ்டர் செலவு அதில் அடக்கமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

2025 மே மாத வெள்ளை அறிக்கையில், அதாவது அரசின் கொள்கை அறிக்கையில், குடிவரவு வழக்குகளில் 8ஆம் உறுப்புரையை நீதிமன்றங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று புதிய சட்டம் கொண்டுவரப் போவதாக அரசு அறிவித்தது. ஆகவே ஒரு வருடத்துக்கு முன் உறவினர் வென்ற வாதம் இன்று அப்படியே நிற்கும் என்று கொள்ள வேண்டாம்.

தீர்ப்பு சாதகமாக வந்தாலும் விசா அன்றே கையில் வராது. அமைச்சு அனுமதி கேட்டு மேன்முறையீடு செய்ய 14 நாள் உண்டு. அது கடந்த பின் வழக்கமாக 30 மாத அனுமதி தருவார்கள். ஈ-விசாவில் பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி, வேலை நிபந்தனை நான்கையும் அன்றே சரிபார்த்து, அந்த முடிவுத் திகதியை வீட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். நீட்டிப்பு விண்ணப்பம் அதற்கு முன்பே போக வேண்டும்; ஒரு நாள் பிந்தினாலும் 3சி பாதுகாப்பு இல்லை.